கேட்டுக் குடிக்க வைக்காதே

அன்புள்ள நம்பிக்கு,

முந்தாநாள் போனில் நீ, "அம்மாவுக்கு என்னென்ன செய்யணும்னு சொல்லுங்கப்பா, குறிச்சுக்கிடுதேன்" என்றாய். நான், "நீ வா, வந்த பொறவு பாத்துக்கிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா பிடிகொடுத்துப் பேசவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும். நான் பேசிக்கொண்டிருந்தபோது உன் அம்மா நாலடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சுதான் போயிற்றே தவிர, காதும் புத்தியும் முன்பு போலவே இருக்கின்றன. அவளை வைத்துக்கொண்டே அவளுடைய மூத்திரத்தையும் மலத்தையும் பற்றி இன்னொருவரிடம் விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. தள்ளிப்போய்ப் பேச நம் வீட்டில் வேறு அறையும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கண்ணயரும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். முடிக்க நாலைந்து நாள் ஆகும். முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என் குடலிறக்கத்தைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். திருநெல்வேலியில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும். உன் சித்தப்பா என்னோடு இருப்பார். சிக்கல் அதற்குப் பிறகுதான். "ஒன்றரை மாசத்துக்கு ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர். "வீட்டுல ஆளைத் தூக்க வேண்டியிருக்கே" என்றேன். "அப்ப வேற ஆள் பாருங்க" என்றார். அந்த வேறு ஆள் நீதான். கம்பெனியில் கேட்டு, பாதி நாள் லீவாகவும் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலையாகவும் வாங்கிவிட்டேன் என்று நீ சொன்னபோது எனக்குப் பெரிய ஆறுதல். கூடவே ஒரு கூச்சமும் வந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்கு உண்மையில் தெரியாது. தெரியாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த மறுநாளே நீ ஓசூரிலிருந்து வந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் நர்சுகள் செய்தார்கள். நீ மருந்துக்கு ஓடினாய், ஸ்கேனுக்கு ஓடினாய். வீட்டுக்குக் கூட்டி வந்த நாலாம் நாள் உனக்கு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் பிள்ளையின் பள்ளிக்கூட லீவுக்கும் வந்தாய். யோசித்துப் பார், வந்த போதெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது உன்னை வெளியே அனுப்பியிருப்பேன். நல்ல உடன்குடிக் கருப்பட்டி வந்திருக்கிறதா என்று கடையில் கேட்டு வா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அணைக்கட்டில் தண்ணீர் விழுவதைக் காட்டு என்று ஏதாவது சொல்லுவேன். நீ திரும்பி வரும்போது உன் அம்மா பவுடர் போட்டு, பொட்டு வைத்து, துவைத்த நைட்டியில் உட்கார்ந்திருப்பாள். "அம்மா நல்லாத்தான் இருக்கா" என்று நீ போனில் மருமகள் கீதாவிடம் சொல்வது என் காதில் விழும். உன் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. நான் இதையெல்லாம் திறமையாகச் செய்கிறேன் என்று நீ நினைக்க வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி.

திறமையாகச் செய்தவன் இல்லை நான். நாற்பது வருஷம் ஸ்ரீவைகுண்டத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவன். யாருக்குத் தோள் எவ்வளவு, யாருக்குக் கை எவ்வளவு என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லுவேன். சொந்த மனைவியைக் கட்டிலில் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று எனக்குத் தெரியாது. அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். காலையில் சமைத்து, எனக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு, மையத்தைத் திறக்கப் போய்விடுவாள். ஒரு டம்ளர் காப்பி கூட நான் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் பொறுப்பில் திடீரென்று ஒரு முழு ஆளின் உடம்பு வந்து சேர்ந்தது.

முதல் இரண்டு மாதம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினேன். வலது கையைத் தொட்டாலே முகத்தைச் சுளிப்பாள். விளங்காத கையில் என்ன வலி இருக்கப்போகிறது, வீம்புதான் என்று நினைத்தேன். சுகாதார நிலையத்திலிருந்து மாதம் இருமுறை பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருகிறாள். நான் எழுப்புவதைப் பார்த்தவள் ஓடி வந்து தடுத்தாள். "ஐயா, அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள் மூட்டுல பிடிப்பே இல்ல. இங்கன தொட்டுப் பாருங்க" என்று என் விரலைப் பிடித்துத் தோளில் வைத்தாள். எலும்பு கீழே இறங்கி, மேலே ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. இரண்டு மாதமும் நான் இழுத்த ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வலித்திருக்கிறது. அவளால் சொல்ல முடியவில்லை. சுளித்த முகத்தைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததைத்தான் இப்போது செய்கிறேன், நீயும் அப்படியே செய். முழங்கால்களை மடக்கி, அம்மாவை இடப்பக்கமாக ஒருக்களிக்க வை. கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கு. இடது முழங்கையை ஊன்றி அவளே பாதி எழுந்துவிடுவாள்; முதுகுக்குப் பின்னால் நீ கை கொடுத்தால் போதும். உடனே நிற்கவைக்காதே, தலை சுற்றும், ஒரு நிமிஷம் உட்காரட்டும். சக்கர நாற்காலியை எப்போதும் அவளுடைய இடது பக்கத்தில் போட்டுச் சக்கரத்தைப் பூட்டு. பள்ளிக்கூடப் பை தைக்கும் கெட்டித் துணியில் கைப்பிடி வைத்து ஒரு இடுப்புப் பட்டை தைத்திருக்கிறேன். அதை அவள் இடுப்பில் கட்டி அதைப் பிடி. கையையும் அக்குளையும் பிடிக்காதே. அவளுடைய வலது முழங்காலுக்கு உன் முழங்காலை அணை கொடு. உன் முதுகை வளைக்காதே. நான் முதுகை வளைத்து முக்கித் தூக்கியதும் இந்தக் குடலிறக்கத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

தூக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு. அவளும் சேர்ந்து எண்ணுவாள். போனில் நீ இதைக் கேட்டிருக்க மாட்டாய். வேறு ஒரு வார்த்தையும் கோவையாக வராத வாயில் எண்கள் மட்டும் வரிசையாக வருகின்றன. சிலருக்கு அப்படி இருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆமா, இல்ல என்ற இரண்டும் வரும், ஆனால் மாறி வரும். அதனால் வாயைப் பார்த்து முடிவு செய்யாதே, அவள் இடது கையைப் பார். உள்ளங்கையை விரித்தால் சரி என்று அர்த்தம். கையை மூடினால் வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை இட்லி கேட்டவளுக்குத் தோசையும், விசிறியை நிறுத்தச் சொன்னவளுக்கு இன்னும் வேகமான காற்றும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மாளை உனக்குத் தெரியும். அடுத்த தெரு, வாழைத்தோப்பில் வேலை. அவள் பிள்ளைகள் இரண்டும் அம்மாவின் அங்கன்வாடியில் வளர்ந்தவர்கள். தோப்புக்குப் போகும் முன்னால் காலை ஆறு மணிக்கு வந்து அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டுப் போகிறாள். வீட்டுக்கு வந்த புதிதில், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று அவளிடம் சொல்லித் தேங்காய்ப்பால் சொதி வைக்கச் சொன்னேன். சோற்றில் தாராளமாக ஊற்றி ஊட்டினேன். இரண்டாவது வாயிலேயே புரையேறி உன் அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. தண்ணியாக இருப்பது எதுவும் அவளுக்குச் சட்டென்று தப்பான வழியில் இறங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதும் சொதி உண்டு. காயை நன்றாக மசித்துச் சோற்றோடு கெட்டியாகக் குழைத்துக் கொடுக்கிறேன். நேராக உட்காரவைத்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள். சின்ன வாயாக, இடது பக்கக் கன்னத்தில் கொடு. விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். அந்த நேரத்தில் டி.வி. வேண்டாம், நீயும் கேள்வி கேட்காதே. முடிந்ததும் வலது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார், அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. அரை மணி நேரம் கழித்துத்தான் சாய்க்க வேண்டும். தண்ணீரை நம் வழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக்கொள்ள விடாதே. டம்ளரில் வாய் வைத்து, மடக்கு மடக்காக.

படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்று. வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு இந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார். சிவந்திருந்து, அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாவிட்டால் அந்தப் பக்கம் படுக்கவைக்காதே, அந்த இடத்தைத் தேய்க்கவும் செய்யாதே. நைட்டி எல்லாவற்றையும் முன்பக்கம் முழுதாகத் திறக்கும்படி பிரித்துத் தைத்து, ஹூக்கை எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வைத்திருக்கிறேன். போடும்போது வலது கையை முதலில் நுழை, கழற்றும்போது அதைக் கடைசியில் எடு. மாத்திரை டப்பாவில் காலை, மத்தியானம், இரவு என்று பிரித்து வைத்துவிட்டுப் போகிறேன். டாக்டரைக் கேட்காமல் ஒன்றையும் நிறுத்தாதே. வாய் மறுபடி கோணினாலோ, இடது கையும் துவண்டாலோ எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதே, நேரே ஆம்புலன்சைக் கூப்பிடு.

இனி எழுதப்போவதை இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். போன ஐப்பசியில் அம்மாவை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோமே, விஷக்காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேனே, அது விஷக்காய்ச்சல் இல்லை.

கடையை மூடிய பிறகு தையல் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தேன் அல்லவா. தீபாவளி நெருங்கியபோது பழைய வாடிக்கைக்காரப் பெண்கள் சிலர் துணியோடு வந்தார்கள். "அண்ணாச்சி, நீங்க தைச்சாத்தான் எனக்குச் சரியா இருக்கும்" என்றார்கள். ஒரு வருஷமாக நான் சோறு ஊட்டுகிறவன், துணி அலசுகிறவன். கடையை மூடிய பிறகு என்னைத் தையற்காரனாக நினைத்து ஒருவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்த மாதம் மழை விடவே இல்லை. அம்மாவின் துணி ஒன்றும் காயவில்லை. உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுவதற்குள் அவளுக்கு நனைந்துவிடும். எழுந்து மாற்றி, துடைத்து, அலசிப் போட்டுவிட்டு வந்தால் எந்த அளவில் விட்டேன் என்பது மறந்துபோகும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. குடித்தால்தானே போகும் என்று.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். காலையில் காப்பி, மத்தியானம் அரை டம்ளர் தண்ணீர், சாயங்காலம் அரை டம்ளர். இரண்டாவது நாளே பலன் தெரிந்தது, மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தைக்க முடிந்தது. அவள் இடது கையைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் நீட்டுவாள். நான் குனிந்து தைத்துக்கொண்டே, "பொறவு தாரேன்" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் எண்ணத் தொடங்குவாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவளுக்கு வாயில் வருவது அதுதானே. அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மிஷினை மிதித்தேன். ஒரு நாள் இருபது வரைக்கும் எண்ணினாள். பிறகு நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது, நம்பி. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பிரயோஜனம் இல்லை.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பிறகு அவள் எப்போதும் தூங்கி வழிந்தாள். மூத்திரம் மஞ்சள் கறுத்து நாற்றமடித்தது. நைட்டியைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். ஒரு நாள் காலையில் என்னை யாரோ அந்நியன் போலப் பார்த்துக் கையை ஓங்கினாள். மூளைக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். பேச்சியம்மாள்தான் குளிப்பாட்ட வந்தவள் வாயைத் திறந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, மதினி ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. தண்ணி குடுக்கியளா இல்லியா?"

"குடுக்கத்தான் செய்யுதேன்."

"நேத்துக் காலம்பற நான் நெறச்சு வச்ச செம்பு அப்படியே இருக்கு" என்றாள்.  தோப்புக்குப் போகாமல் ஆட்டோ கூட்டி வந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?" என்று கேட்டார். "நல்லா குடிப்பா டாக்டர்" என்றேன். அவர் அம்மாவின் நாக்கைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நான் உங்களைத் திட்டுறதுக்குக் கேக்கல. வைத்தியம் பாக்கக் கேக்கேன்" என்றார். அவர் பேச்சில் நம் பக்கத்து வாடை இருந்தது. அது என்னவோ செய்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "நனையுமேன்னு தண்ணியைக் குறைக்கிறது நிறைய வீட்டுல நடக்கு. மூத்திரப் பாதையில கிருமி சேந்திருக்கு. வயசானவங்களுக்குக் காய்ச்சலே இல்லாமக்கூடப் புத்தி தடுமாறும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றார். தண்ணீரைக் குறைக்காமல் நனைவதைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு என்று சொன்னார். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பகலில் இரண்டு மணிக்கொரு தரம் கழிப்பறை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அவசரப்படுத்தாமல் ஐந்து பத்து நிமிஷம் விட வேண்டும். துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னாக. நிறம் கறுத்தாலோ, நாற்றம் மாறினாலோ, திடீரென்று ஆள் மந்தமானாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு வாரம் அப்படிச் செய்தபோதே ஏழு தடவை நனைவது இரண்டு தடவையாகக் குறைந்துவிட்டது. இவ்வளவு எளிய வழியை யாரிடமும் கேட்கத் தோன்றாமல் போயிற்று எனக்கு.

உன்னிடம் விஷக்காய்ச்சல் என்றேன். நீ மறுவாரம் கூரியரில் கொசுவலை அனுப்பினாய். அதைக் கட்டிலுக்குக் கட்டினேன். அதற்குள் அவளைப் படுக்கவைக்கும்போதெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என் கையால் தண்ணீர் குடிக்கவில்லை. சோறு வாங்கிக்கொள்வாள். டம்ளரைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். காலையில் பேச்சியம்மாள் கொடுத்தால் குடிப்பாள். அவள் போன பிறகு நாள் முழுக்க நான் கெஞ்சுவேன். இரண்டு நாள் பார்த்தேன், மறுபடி உதடு காயத் தொடங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் மிஷினுக்கு மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏளா, நான்தான் தண்ணியக் கொறச்சேன். நீ கேட்டது எனக்குக் கேக்காம இல்ல. தைக்கணும்னு இருந்தேன். அடிக்கடி எந்திரிச்சு மாத்துதது தொந்தரவா இருந்துச்சு. தப்புதான்" என்றேன்.

 அவள் இடது கையை நீட்டி என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். பாதி நைட்டியில் கொட்டிற்று. மீதியைத் தானே வாயில் வைத்து, ஒரு மடக்கு, நிறுத்தி, இன்னொரு மடக்கு என்று குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை, மறுபடியும் நீட்டினாள். நான் ஊற்றினேன். அன்றைக்கு மூன்று நைட்டி மாற்றினோம். அன்றிலிருந்து அவளுடைய இடது கைப் பக்கம், எட்டும் உயரத்தில், அகலமான அடி கொண்ட டம்ளரில் பாதியளவு தண்ணீர் எப்போதும் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்து புரையேறாமல் பார்த்துக்கொள், காலியானால் நிரப்பு, எத்தனை டம்ளர் போயிற்று என்று காலண்டரில் கோடு போடு. ஆனால் கேட்டுக் குடிக்கும் நிலைமையில் மட்டும் அவளை வைக்காதே. என் கையால் அவள் இன்று வரை தண்ணீர் குடிப்பதில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

இப்போது உன் விஷயம். ஆபரேஷன் என்று முடிவானதும், உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பாளையங்கோட்டையில் முதியவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, நல்ல மனிதர்கள். அம்மாவிடம் சொன்னேன். கையை மூடிக்கொண்டாள். "சரி, அப்ப நம்பி வந்து பாத்துக்கிடட்டும்" என்றேன். அதற்கும் கையை மூடிக்கொண்டாள். எனக்குப் புரியவில்லை. "ஒம் மவன்தான, அவன் சின்னதுல நீ எல்லாம் செய்யலியா, இப்ப அவன் செய்யட்டுமே" என்றேன். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இடது கையால் கட்டிலை அடித்தாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரிதான். நீ அப்போது குழந்தை. அவள் இப்போது குழந்தை இல்லை. அறுபத்து மூன்று வயதுப் பெண், எத்தனையோ பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து அதட்டிச் சோறு போட்டவள். மகன் முன்னால் துணியில்லாமல் கிடக்க அவளுக்குச் சம்மதம் இல்லை. நானாக இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன்.

அதனால் அவளைச் சம்மதிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, எப்படி இருந்தால் சரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று மத்தியானம் ஆயிற்று. குளிப்பாட்டுவது பேச்சியம்மாள்தான், நீ அப்போது வெளியே இருக்க வேண்டும். பேச்சியம்மாள் இனிச் சாயங்காலமும் ஒரு நடை வந்து போவாள். அவளிடம் பேசியாயிற்று. நடுவில் கழிப்பறை நாற்காலியில் உட்காரவைப்பதும் மாற்றுவதும் உன் வேலை. தெருப்பக்கத்து ஜன்னலை முதலில் சாத்திவிட வேண்டும். தொடும் முன்னால், "அம்மா, இப்ப மாத்தட்டுமா" என்று கேட்டு, கை விரிகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே ஒரு போர்வையைப் போட்டு, அதற்கடியில் உருவி அதற்கடியிலேயே மாற்ற வேண்டும். அது முடியும், நான் காட்டித்தருகிறேன். அந்த நேரத்தில் போனைக் கையில் எடுக்கக் கூடாது. குழந்தையிடம் பேசும் குரலில் பேசக் கூடாது. முகம் கழுவுவதும் தலை சீவுவதும் அவளே செய்வாள். கால் மணி நேரம் ஆகும். அவள் கையிலிருந்து வாங்கி நீ செய்து முடித்துவிடக் கூடாது. இதற்கெல்லாம் கை விரிந்தது.

கடைசியாக, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நானே ஒன்று சேர்த்துச் சொன்னேன். "நம்பி பாக்க மாட்டான். முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிடுவான்" என்றேன். கை மூடிக்கொண்டது. நான் சொன்னது விளங்கவில்லையோ என்று திரும்பவும் கேட்டேன். மறுபடியும் மூடினாள். "அப்ப அவன் முகத்தைத் திருப்பக் கூடாதா?" என்றேன். அவள் கையை விரித்தாள். பிறகு அந்தக் கையாலேயே என் தாடையைப் பிடித்து, என் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெட்கம் வரும், நம்பி. அருவருப்பும் வரும், எனக்கும் வந்தது. இரண்டையும் அவள் எதிர்பார்த்துத்தான் இருக்கிறாள். வரட்டும். நீ அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே செய். பிள்ளை என்ன படிக்கிறாள், கீதா என்ன சமைத்தாள், உங்கள் ஊரில் மழை உண்டா என்று எதையாவது பேசு. அவளுக்கு எல்லாம் கேட்கும்.

புதன்கிழமை காலையில் நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. திங்களும் செவ்வாயும் நான் கூடவே இருப்பேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்பேன், தொட மாட்டேன். செய்வது நீ.

உன்,
அப்பா